இடது முட்டி, இரண்டு கோணம்

காகிதப்பட்டறை வளைவில் ஜபருல்லா பாய் டீக்கடை.
நைட் ஷிப்ட் முடிந்து நான் வந்து சேர
ஞாயிறு காலை ஆறே கால்.
அதற்குள் ஏகநாதனை ராணிப்பேட்டைக்கு
இரண்டு தடவை விற்றுவிட்டிருந்தார்கள்.

மாவட்ட லீக்கில் ஆளை மாற்றிக்கொள்ள
விதியே கிடையாது என்பது
யாருக்கும் ஒரு தடையாக இல்லை.

"இவனக் குடுத்துட்டு அந்த ஒசரப் பையன வாங்கணும்.
ஆறடி அஞ்சு. இருவத்திரண்டு வயசு.
நின்ன எடத்துல கையத் தூக்குனா வளையம் இடிக்குது."
சொன்னது கொசப்பேட்டை தயாநிதி.
பால் பாக்கெட் போடுகிறவர்.
வாழ்க்கையில் அவர் பந்தைத் தொட்டது
அது டிரேமேல் வந்து விழுந்த அன்று மட்டும்.

"பையன் மட்டும் பத்தாது" என்றான் சாலமன்.
"கூட அவங்க கம்பெனி ஷூ பதினாலு ஜோடி."

"த்தூ, ஷூவுக்காடா ஏகாவத் தர்றது?"

"முப்பத்தெட்டு ஆவுது நைனா.
ரீபவுண்டுக்கு எம்புறானா,
கீழ சில்லற வுழுந்துச்சான்னு தேடுறானா,
ஒண்ணும் புரியல."

யாரோ ஊர்ப் பழமொழியை எடுத்தார்கள்.
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை.
"எம்பாத சென்டர். அதுவும் நம்பகிட்டதான் கீது."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சிரித்திருக்கக் கூடாது.

வியாழக்கிழமை, டோக்கன் நாற்பத்தேழு.
மேசையில் படுத்தால் பாதம் வெளியே தொங்கியது.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சொன்னேன்:
"நகராதீங்க."
அவனை மார்க் பண்ண வந்த அத்தனை பேரும்
பதினேழு வருஷமாக
மனசுக்குள் வேண்டிக்கொண்டது இதைத்தான்.
நகரவில்லை.

திரையில் விழுந்தது முட்டி.
எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே
இருக்கவேண்டிய கறுப்பு
ஒரு பக்கம் நூலளவு,
மறுபக்கம் அதுவும் இல்லை.
பார்த்ததைச் சொல்வது என் வேலை கிடையாது,
அதற்கு மாடியில் டாக்டர் இருக்கிறார்.
பேண்டை இழுத்துவிட்டபடி கேட்டான்:
"நல்லா வந்துகீதா?"
"படம் நல்லா வந்திருக்கு" என்றேன்.

அந்த முட்டி மடங்கித் திரும்புவதைப் பார்க்கத்தான்
பத்தாவது படிக்கையில் டியூஷனை விட்டுவிட்டு
நேதாஜி ஸ்டேடியம் கம்பியில் மூக்கை வைத்து நின்றேன்.
துருவின் வாசனை சட்டையில் இருந்ததால்
அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன்.

"பிலோமி, நீ சொல்லு. வெச்சிக்கலாமா, வுட்ரலாமா?"

வாய்க்குள் பன் ஊறிக்கொண்டிருந்தது.
அதோடு சேர்த்து வியாழக்கிழமையையும் விழுங்கினேன்.
"வெண்ணெய் கம்மி பாய்" என்றேன்.

அப்போது வந்தது அந்த டி.வி.எஸ். ஐம்பது,
இடது காலைக் கதவு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு.
சட்டென்று தயாநிதிக்கு
பாலாற்று மணல் விலையில் அக்கறை பிறந்தது.

ஏகநாதன் பெஞ்சில் உட்கார இரண்டு தவணை ஆயிற்று.
முதலில் கை, பிறகு மீதி.
கண்ணாடித் தம்ளர் அவன் விரல்களுக்குள் காணாமல் போனது.
ஊதினான். குடித்தான். கேட்டான்:

"எத்தினி ஜோடி?"

சாலமன் தரையிடம் சொன்னான்: "பதினாலு."

"பதினாறு கேளு. அதுல ஒண்ணு பன்னெண்டாம் நம்பர்.
ஆம்பூர்லதான் தைக்கிறான்,
எல்லாத்தையும் கப்பல்ல ஏத்திர்றான்,
எனக்கு ஒண்ணு கெடைக்க மாட்டேங்குது."

சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.
பாய் மட்டும் பால் சட்டியைத் தேவையில்லாமல் கிண்டினார்.

காசு வைத்துவிட்டு எழும்போது என்னைப் பார்த்தான்.
ஃப்ரீ த்ரோவுக்கு முன்னால் வளையத்தைப் பார்ப்பானே,
அவ்வளவு நேரம்.
பிறகு வண்டியைப் பார்த்தான். பெடல் போட வேண்டும்.
அவன் கேட்கவில்லை.
அவனை விற்ற நான்கு பேரும் எழுந்து போய்த் தள்ளினார்கள்.

"நாலரைக்கு மேட்ச்,"
புகைக்குள்ளிருந்து கத்தினான்,
"லேட்டா வந்தா எடம் கெடைக்காது."

வண்டி வளைவு தாண்டியது.
கையைத் துடைத்துக்கொண்டே தயாநிதி கேட்டார்:
"பதினாறுக்கு ஒத்துக்குவானுங்களா?"